ஸர் லெனார்டு ராஜர்ஸும் ஈரற்கட்டியும்

சீதபேதி என்னும் சொல்லைக் கேளாத இல்லம் திண்டுக்கல் நாட்டில் ஒன்றேனும் இருக்குமென்று யாம் கருதவில்லை. வடமதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் முதியோர் மோரும் மாதுளந்தோலும் கொடுத்து அதனைத் தணிக்க முயல்வதை நம் மாணவர் பலர் தத்தம் வீட்டிலேயே கண்டிருப்பர். கடுப்பு நின்று பல வாரங்கள் கழிந்து, நோயை மறந்தேவிட்ட ஒருவனுக்கு மாலைதோறும் சுரம் ஏறும். வலவிலாவின் கீழ் நோவு தோன்றித் தோள்வரை பரவும். உடல் நாளுக்கு நாள் இளைக்கும். ஈரலில் சீழ்க்கட்டி உண்டாகியிருப்பதற்கு இவை அறிகுறிகளாம். அக்கட்டி பழுக்குமுன்னரே அதனை அறியவும், கத்தியின்றி ஆற்றவும் வழிகண்ட பெரியார் ஸர் லெனார்டு ராஜர்ஸ். அவருடைய சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூற விழைகின்றோம்.

இந்நோய் நம் நாட்டு வைத்தியருக்குப் புதியதன்று. சென்னையில் கம்பெனியாரின் ஊழியத்திலிருந்த ஜேம்ஸ் ஆன்னஸ்லி என்பார் 1828-இல் வெளியிட்ட பெருநூலில் ஈரல் நோய்களையும் சீதபேதியையும் விரித்துரைத்து, பிணப்பரிசோதனையிற் கண்ட உறுப்புகளை வர்ணப் படங்களாகவும் அமைத்துள்ளார். இரு நோய்களும் ஓருடலிற் சேர்ந்திருத்தலை அவர் கண்டார். அதன் காரணத்தைக் காணும் கருவி அக்காலத்தில் இல்லை. வெயிலும் மதுவுமே ஈரலைக் கெடுப்பன என்று பலர் சொல்லிவந்தனர். 1875-இல் ருஷியாவில் லெஷ் என்பவர் சீதபேதியுற்ற ஒருவனது மலத்தில் அமீபா என்னும் ஓரணு உயிரைக் கண்டார். பின்னர் எகிப்து நாட்டில் கோக்கும் கார்ட்டுலிஸும் அவ்வுயிரையே ஈரற்கட்டியோடும் தொடர்புபடுத்தினர். ஆயினும் எல்லாக் கட்டிகளிலும் அமீபா அகப்படாமையால் ஐயம் நீங்கவில்லை.

ராஜர்ஸ் 1868-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில், கடற்படைத் தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். லண்டன் ஸெயிண்ட் மேரி வைத்தியசாலையிற் பயின்று, 1893-இல் இந்திய வைத்திய ஊழியத்திற் சேர்ந்தார். 1896-இல் அஸ்ஸாமில் ஊர் ஊராக மக்களை மாய்த்துவந்த கருங்காய்ச்சலை ஆராயும் பணி அவருக்கு அளிக்கப்பெற்றது. மண்ணீரலும் ஈரலும் பருத்து மெலிந்து மடியும் அந்நோயை அவர் கடுமையான மலேரியா என்றே முடிவு செய்தார். அம்முடிவு பிழையென்பது 1903-இல், இங்கிலாந்தில் லீஷ்மனும் நம் சென்னையில் டாக்டர் டானவனும் கண்டவற்றால் விளங்கிற்று. ராஜர்ஸ் அதனால் மனந்தளரவில்லை. மறு ஆண்டே அந்நோயின் கிருமியை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டினார். தம் கொள்கை பொய்த்தபோது அதனைக் கட்டியழாது மேற்சென்ற இக்குணத்தை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

1900 முதல் இருபது ஆண்டுகள் அவர் பணிபுரிந்த இடம் கல்கத்தா வைத்தியக் கல்லூரி. அங்கே நோய்க்குறி நூலாசிரியராக அமர்ந்த அவர், வைத்தியசாலையில் இறந்தோரின் உடல்களைத் தாமே பரிசோதித்தார். பழைய பரிசோதனைக் குறிப்பேடுகளையும் ஏடு ஏடாகப் புரட்டினார். ஈரற்கட்டியின் நடுவிலுள்ள சீழில் அமீபா காணப்படாவிடினும், கட்டியின் சுவரைச் சுரண்டிப் பார்த்தால் அது தென்படும் என்பதை அவர் நிறுவினார். சீதபேதியே வந்ததில்லை என்று சொல்லி இறந்தவரின் பெருங்குடலிலும் அமீபாவின் புண்கள் இருந்தன. குடலிலிருந்து குருதிவழியே ஈரலுக்குச் செல்லும் உயிர் அங்கே தசையை அழித்துக் கட்டியை உண்டாக்குகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

இனி, உயிரோடிருப்பவனிடம் இதனை அறிவது எவ்வாறு? விட்டுவிட்டு வரும் சுரமெல்லாம் மலேரியா என்று கொயினா கொடுத்துக் காலங்கழிப்பது அந்நாள் வழக்கம். ராஜர்ஸ் நோயாளியின் விரல்நுனியில் ஒரு துளி குருதியெடுத்து வெள்ளணுக்களை எண்ணினார். மலேரியாவில் அவை பெருகுவதில்லை. ஈரல் அமீபாவால் அழலும்போது பெருகும். சீழ் கட்டுமுன்னரே இவ்வழற்சியைக் கண்டு இப்பிகாக்குவானா வேரின் தூளை மிகுதியாகக் கொடுத்தால் கட்டியே தோன்றாது தடுக்கலாம் என்று அவர் கண்டார். அறுத்துச் சீழை வடித்த நோயாளிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டுவந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆனால் அத்தூள் கொடிய மருந்து. உட்கொண்டவுடன் வாந்தி வரும். வயிற்றில் தங்குவதே அரிது. மனிலாவில் இருந்த அமெரிக்கப் படை வைத்தியர் வெடர் என்பார், அவ்வேரின் சத்தாகிய எமெட்டீன் மிக நீர்த்த நிலையிலும் அமீபாவைக் கொல்லுமென்று கண்ணாடிக் குழாயிற் செய்த சோதனையால் வெளியிட்டார். அதனை அறிந்த ராஜர்ஸ், எமெட்டீன் உப்பை நீரிற் கரைத்துத் தோலின்கீழ் ஊசியால் ஏற்றினார். வயிற்றைத் தொடாமையால் வாந்தித் துன்பம் பெரிதும் ஒழிந்தது; சாகுந்தறுவாயில் இருந்தோரும் சில நாளிற் தேறினர். 1912-இல் அவர் இதனை வெளியிடவே, வெப்ப நாடுகளெங்கும் இம்முறை பரவியது. பெரிய கட்டியாயின் விலாவைப் பிளந்து திறந்துவிடாமல், பருத்த ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்து உடன் எமெட்டீனும் கொடுக்கவேண்டும் என்றார். திறந்த புண்ணின் வழியே வேறு கிருமிகள் உட்புகுந்து கொல்லுவதை அவர் பன்முறை கண்டிருந்தார். இப்புகழில் வெடருக்கும் பங்குண்டு. பேரற்றுக் கல்கத்தாவில் மடிந்த ஏழை நோயாளிகளுக்கும், அவ்வாராய்ச்சியில் உடனுழைத்த இந்திய உதவியாளருக்கும் உண்டென்பது எம் அபிப்பிராயம்.

அவர் செய்த பிறவும் சிறியனவல்ல. வாந்திபேதியில் நீர்வற்றிக் கிடப்போருக்கு உப்புநீரைச் செறிவாக்கி இரத்தக் குழாயில் ஏற்றி, பாதிக்கும் மேலாயிருந்த சாவை மூன்றிலொரு பங்காகவும், பின் அதனினும் குறைவாகவும் தாழ்த்தினார். தொழுநோய்க்கு நீரடிமுத்து இனத்து எண்ணெயினின்று ஊசிமருந்து சமைத்தார். வெப்பநாட்டு நோய்களைக் கற்பிக்கக் கல்கத்தாவில் தனிப் பள்ளி வேண்டுமென்று ஜமீன்தார்களிடமும் சணல், தேயிலை வியாபாரிகளிடமும் தாமே சென்று பொருள் திரட்டினார். 1914-இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. யுத்தத்தால் வேலை தடைப்பட்டது. 1920-இல் அவர் இந்தியாவை விட்டு நீங்கினார். தாம் எழுப்பிய மனையில் நெடுநாள் அமர்ந்து உழைக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1962-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், பிறந்த நாடாகிய கார்ன்வாலிலேயே காலமானார்.

எமெட்டீன் நெஞ்சப்பையைத் தளர்த்தும் நஞ்சுமாகும். ஊசி போட்டவரைப் படுக்கையிலேயே கிடத்தி நாடி பார்த்து வரவேண்டியிருந்தது. 1960-க்குப் பின் மெட்ரொனிடஸோல் என்னும் மாத்திரை வந்து அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. இந்நாளில் வடமதுரையான் ஒருவன் விலாநோவும் சுரமுமாகத் திண்டுக்கல் சென்றால், ஒலியலைப் படத்தில் அவன் ஈரலின் கட்டியைச் சில நிமிஷங்களிற் கண்டு, மாத்திரை கொடுத்தே பெரும்பாலும் ஆற்றிவிடுகின்றனர். கட்டி மிகப் பெரிதாயின், அப்படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்திச் சீழை வாங்குகின்றனர்.