பழியைச் சுமந்த விண்வெளி வீரர் கஸ் கிரிசம்

விண்வெளி வீரர் என்றதும் நிலவில் முதலில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்தான் நம் நினைவுக்கு வருகிறார். அவருக்கு முன்னரே அந்தப் பயணத்துக்காக உழைத்து, நிலவுக்குப் போகாமலே தரையில் உயிரிழந்தவர் கஸ் கிரிசம்.

வெர்ஜில் ஐவன் கிரிசம் என்பது இவரது முழுப்பெயர். 1926ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள மிட்செல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இரயில்வே தொழிலாளி. பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர உயரம் போதாததால், ஆட்டம் தொடங்குமுன் கொடி ஏந்திச் செல்லும் சாரணர் குழுவில் இருந்தார். அங்கே இசைக்குழுவில் மேளம் அடித்த பெட்டி மூர் என்ற மாணவியே பின்னர் இவரது மனைவியானார். பர்டியூ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தபோது இவர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்க, மனைவி தொலைபேசி நிலையத்தில் இரவு வேலை பார்த்தார். 1950இல் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தில் பாதி அந்த அம்மாவுக்குச் சேரவேண்டியது!

கொரியப் போரில் 100 முறை போர் விமானத்தில் பறந்தார். 1956இல் எட்வர்ட்ஸ் விமானத்தளத்தின் சோதனை விமானிகள் பள்ளியில் சேர்ந்தார். புதிய விமானத்தை முதலில் ஓட்டி, அதன் குறைகளைக் கண்டு சொல்வதே சோதனை விமானியின் வேலை. 1959இல் நாசா தேர்ந்தெடுத்த முதல் எழுவரில் இவரும் ஒருவர். மகரந்த ஒவ்வாமை இருக்கிறதே என்று மருத்துவர்கள் தயங்க, விண்வெளியில் மகரந்தம் ஏது என்று கேட்டு அவர்களை வென்றாராம்.

1961ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று 'லிபர்ட்டி பெல் 7' கலத்தில் 15 நிமிடப் பயணம் செய்தார். பயணம் நன்றாகவே முடிந்தது. கலம் கடலில் இறங்கி, ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தபோதுதான் கதவு திடீரென வெடித்துத் திறந்தது. 70 ஆணிகளை வெடிமருந்து உடைத்துத் திறக்கும் கதவு அது. கடல்நீர் உள்ளே பாய, கிரிசம் வெளியே குதித்தார். உடையில் நீர் புகுந்து மூழ்கும் நிலையில் அவரை மீட்டார்கள். கலம் கடலுக்குள் போய்விட்டது.

பயந்துபோய் இவரே விசையை அழுத்திவிட்டார் என்று பலர் பேசினர். தான் தொடவில்லை என்பதிலிருந்து கிரிசம் கடைசிவரை மாறவில்லை. விசாரணையும் அவர்மீது குற்றம் காணவில்லை. 1962இல் வால்லி ஷிரா தம் கலத்தின் கதவை வேண்டுமென்றே அவ்வாறு திறந்தபோது, விசை திருப்பி அடித்து அவர் கையில் காயம் ஏற்பட்டது. கிரிசம் கையிலோ காயமே இல்லை! ஆனாலும் பேசிய வாய்கள் மூடவில்லை.

1965 மார்ச் 23 அன்று ஜான் யங்குடன் ஜெமினி 3 கலத்தில் மீண்டும் சென்றார். மனிதர் சென்ற கலம் ஒன்றின் சுற்றுப்பாதை மாற்றப்பட்டது அப்போதுதான் முதல்முறை. திரும்பிக் கடலில் இறங்கியதும் அலையில் கலம் ஆட, குமட்டலெடுத்தும், மிதவை வளையத்தைப் பொருத்தும்வரை கதவைத் திறக்க இவர் சம்மதிக்கவில்லை. அந்தப் பிடிவாதம் நமக்குப் புரிகிறது.

அடுத்து அப்போலோ. அந்தக் கலத்தின் குறைகளைச் சொல்லிச் சொல்லிச் சலித்த கிரிசம், தம் வீட்டு மரத்து எலுமிச்சை ஒன்றைப் பயிற்சிக் கலத்தில் தொங்கவிட்டார். மட்டமான பொருளை எலுமிச்சை என்பது அமெரிக்கர் வழக்கம். சில நாள்களில், 1967 ஜனவரி 27 அன்று, ஏவுதள ஒத்திகையில் தூய ஆக்சிஜன் நிறைந்த கலத்துக்குள் தீப்பற்றியது. கதவு உட்புறமாகத் திறப்பது. உள்ளழுத்தத்தால் அதை அசைக்கவே முடியவில்லை. கிரிசம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் இறந்தனர். கிரிசமுக்கு வயது 40. ஒருமுறை தானே திறந்த கதவால் பழி. மறுமுறை திறக்காத கதவால் மரணம்.

அதன்பின் வெளிப்புறமாக, நொடிகளில் திறக்கும் கதவு அமைக்கப்பட்டது. தரையில் இருக்கும்போது கலத்தில் தூய ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் கலந்த காற்று நிரப்பப்பட்டது. ஆம்ஸ்ட்ராங் 1969இல் சென்றது இப்படித் திருத்தப்பட்ட கலத்தில்தான்.

1999 ஜூலையில், ஏறக்குறைய 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து லிபர்ட்டி பெல் 7 மீட்கப்பட்டு, கான்சாஸ் மாநில அருங்காட்சியகம் ஒன்றில் வைக்கப்பட்டது. அந்தக் கதவு மட்டும் கிடைக்கவில்லை.