வாரிசுக் கணக்கும் அல்ஜீப்ராவும்: அல் குவாரிஸ்மியின் வாழ்வும் பணியும்

கணக்கு என்றாலே நம் பிள்ளைகள் பலருக்குப் பயம். அதிலும் அல்ஜீப்ரா எனும் இயற்கணிதம் என்றால் கேட்கவே வேண்டாம். அல்ஜீப்ரா என்பது அரபுச் சொல் என்பதும், அதைத் தனிக்கலையாக வளர்த்தவர் ஒரு முஸ்லிம் அறிஞர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி. ஏறத்தாழ கி.பி. 780இல் பிறந்தவர். ஆரல் கடலுக்குத் தெற்கே, இன்றைய உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் பகுதியில் இருந்த குவாரிஸ்ம் என்ற நாட்டின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. கலீஃபா மஃமூன் ஆண்ட காலத்தில் (813–833) பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றினார். கிரேக்கம், பாரசீகம், இந்தியா என எங்கிருந்து நல்ல அறிவு வந்தாலும் அதை அரபியில் பெயர்த்து, சரிபார்த்து, மேலும் வளர்த்த காலம் அது.

மஃமூனின் ஊக்கத்தால் அவர் எழுதிய நூலே அல்ஜப்ர் வல்முகாபலா பற்றிய சுருக்க நூல். ஜப்ர் என்றால் முறிந்ததைச் சேர்த்தல். எலும்பு முறிவைச் சரிசெய்வதற்கும் இதே சொல்தான். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டிருப்பதை இரு பக்கமும் கூட்டி நிறைவாக்குவது ஜப்ர். இரு பக்கமும் உள்ள ஒரே வகை உறுப்புகளை எதிரெதிரே வைத்துக் கழித்துச் சுருக்குவது முகாபலா. இந்த இரண்டின் துணையோடு தம் காலத்துச் சமன்பாடுகளை ஆறு வகைகளில் அடக்கினார். அவர் நூலில் இன்றைய குறியீடுகள் எதுவும் இல்லை; அனைத்தும் வார்த்தைகளே.

அவருடைய புகழ்பெற்ற கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் 10 மடங்கைச் சேர்த்தால் 39. அந்த எண் எது?

முதலில், தெரியாத அந்த எண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைவோம். அடுத்து 10ஐப் பாதியாக்கி, 5 அகலமுள்ள இரண்டு பட்டைகளைச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுவோம். இப்போது மொத்தப் பரப்பு 39. ஆனால் மூலையில் ஓர் இடம் காலியாக நிற்கும். அது 5க்கு 5, அதாவது 25. அதை நிரப்பினால் 39உம் 25உம் சேர்ந்து 64 பரப்புள்ள முழுச் சதுரம் கிடைக்கும். அதன் பக்கம் 8. ஒட்டிய 5ஐ நீக்கினால் 3. விடை சரிதானா? 3இன் வர்க்கம் 9, 10 மடங்கு 30, மொத்தம் 39. பத்தாம் வகுப்பில் வர்க்கப் பூர்த்தி முறை என்று படிப்பது இதைத்தான். படத்தோடு சொல்லிக்கொடுத்தால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இந்த நூல் யாருக்காக? வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வியாபாரம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் போன்றவற்றில் மக்களுக்கு உதவுவதே நோக்கம் என்று அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். நூலின் நீண்ட இறுதிப் பகுதி முழுவதும் வஸிய்யத், வாரிசுக் கணக்குகளே.

நாமும் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டுச் செல்கிறார். பெற்றோர் உயிரோடு இல்லை. கடனும் வஸிய்யத்தும் போக மீதி 32 லட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 லட்சம். எஞ்சியது 28 லட்சம். ஒரு மகளின் பங்கைத் தெரியாத எண்ணாகக் கொண்டால் மகனுக்கு அதில் இரு மடங்கு. ஆக மொத்தம் 4 மடங்கு. 28ஐ 4ஆல் வகுத்தால் 7. மகளுக்குத் தலா 7 லட்சம், மகனுக்கு 14 லட்சம். எல்லாம் சேர்ந்தால் 32 லட்சம்.

திருக்குர்ஆன் (4:11, 12) நிர்ணயித்த இந்தப் பங்குகளை நம் குடும்பங்கள் சரியாகக் கொடுக்கின்றனவா? திருமணத்தின்போது சீர் செய்துவிட்டோம் என்று சொல்லிச் சகோதரிகளின் பங்கை நிறுத்திவைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணக்குத் தெரிந்த பெண் தன் ஹக்கு எவ்வளவு என்று அறிவாள். அறிந்தவளை ஏமாற்றுவது எளிதல்ல.

குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கியும் நூல் எழுதினார். வானியல் அட்டவணைகளும், ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தரும் புவியியல் நூலும் அவருடையவை. ஏறத்தாழ 850இல் மறைந்தார். 1145இல் செஸ்டர் ராபர்ட் ஸ்பெயினில் அவருடைய அல்ஜீப்ராவை இலத்தீனில் பெயர்த்தார். அவர் பெயரின் இலத்தீன் வடிவத்திலிருந்தே அல்காரிதம் என்ற சொல் பிறந்தது. படிப்படியாகக் கணக்கிடும் முறைக்கு, கணினி உலகம் இன்றும் அப்பெயரையே சொல்கிறது.

மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று பிரித்துப் பேசும் பெற்றோர் இவருடைய வாழ்வைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபராயிளின் பங்குகளை மதரஸாவில் ஓதுகிறோம். அதைப் பிரித்துக் கொடுக்கும் வழியைப் பள்ளிக்கூடக் கணக்கு கற்றுத்தருகிறது. மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் இரண்டையும் கற்பிப்போம்.