சாமிக்கண்ணு வின்ஸெண்டு

கோயமுத்தூர் வெரைட்டி ஹால் ரோட்டில் நாடோறும் நடப்போருட் பலர் அப்பெயரின் வரலாற்றை வினவுவதில்லை. 1914-ம் ஆண்டில் அங்கு எழுந்த சினிமாக் கொட்டகையின் பெயரே அது. எழுப்பியவர் நம்மூரிற் பிறந்த சாமிக்கண்ணு வின்ஸெண்டு (1883–1942).

திருச்சிராப்பள்ளி ரயில்வே காரியாலயத்தில் மாதம் 25 ரூபாய்ச் சம்பளத்தில் படம் வரைபவராயிருந்தார் அவர். 1905-ல் டூபான் என்னும் பிரெஞ்சுக்காரர் நோயுற்றுத் தாய்நாடு திரும்ப முற்பட, அவருடைய கருவியையும் பிலிம்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். ஏழரை ஆண்டுச் சம்பளம்! உத்தியோகத்தையும் துறந்தார். கூடாரத்தோடு ஊரூராய்ச் சென்று, வடக்கே பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மா, மலேயாவிலும் படங்காட்டினார்.

அக்காலக் கருவிகள் கையாற் சுழற்றப்பட்டவை. திரையில் விழுந்ததும் தொடர்ந்த ஒளியன்று. ஒரு படம் நீங்கி மற்றொன்று வரும் இடைவெளியை ஒரு மறைதட்டு மூடும். வினாடிக்கு 16 முறை மாத்திரம் இருண்டால் ஒளி துடித்துக் கண்ணை வருத்தும். ஆகவே தட்டுக்கு மூன்று இதழ்கள் அமைத்து, ஒவ்வொரு படத்தையும் மும்முறை மினுக்கி, அத்தொகையை 48 ஆக்கினர். அவ்விரைவில் ஒளி கொள்ளிவட்டம்போல் ஒன்றிவிடும். சுழற்றுபவர் கை தளர்ந்தாலோ திரை படபடக்கும். ஏழரை ஆண்டு ஊதியத்தைப் பணயம் வைத்தவரின் பிழைப்பு அக்கையின் சீரில் இருந்ததென்பது மிகையன்று.

நிறத்தின் இயல்போ இதனினும் விநோதமானது. சிவப்பொளியையும் பச்சையொளியையும் மாற்றி மாற்றிக் காட்டினால், வினாடிக்குச் சுமார் இருபது முறையிலேயே இரண்டுங்கலந்து மஞ்சளாய்த் தோன்றும். ஆனால் இரண்டனுள் ஒன்று மிகுந்த வெளிச்சமுடையதாயின், அவ்வேற்றத்தாழ்வின் துடிப்பு பின்னும் புலப்படும். வெளிச்ச மாறுதலைத் தொடரும் வேகம் நம் கண்ணுக்கு நிற மாறுதலைத் தொடர்வதில் இல்லை. வர்ணந்தீட்டிய பம்பரம் சுழலும்போது நிறங்கள் மயங்குவதைச் சிறுவர் அறிவர். 1908-ல் தோன்றிய கினிமாகலர் முறை இம்மயக்கத்தையே முதலாகக் கொண்டு, சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளைப் படங்களின்முன் சுழற்றியது. 1911-ம் ஆண்டு டில்லி தர்பாரும் அம்முறையிற் பதிவாயிற்று. ஆயினும் வேகமாய் அசையும் பொருள்களின் ஓரங்களிற் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிந்தமையால் அது நெடுநாள் நிலைக்கவில்லை.

வின்ஸெண்டு 1933-ல் கல்கத்தா பயோனியர் கம்பெனியாருடன் சேர்ந்து எடுத்த வள்ளி திருமணமும், 1935-ல் அவர் பங்கு கொண்டு கோவையில் நிறுவிய சென்ட்ரல் ஸ்டுடியோவின் படங்களும் கறுப்பு வெள்ளையே. தமிழின் முதல் முழுநீள வர்ணப்படமாகிய அலிபாபாவும் 40 திருடர்களும், அவர் மறைந்து பதினான்கு ஆண்டு கழித்து, 1956-ல், இதே கொங்குநாட்டுச் சேலத்திலிருந்து வெளிவந்தது.