உப்பைப் பிரித்தவர்: நிக்கொலா லெபிளான்

லாச்சப்பல் கடைத்தெருவில் மரக்கறியும் கருவாடும் வாங்கும் நாம், உப்புப் பொதி ஒன்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறோம். அதன் விலையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், இத்தெருக்களிலிருந்து வடக்கே செல்லும் பாதை சென்றடைகின்ற சென் டெனியில், இதே உப்பினால் உயர்ந்து, அனைத்தையும் இழந்து மறைந்த மனிதர் ஒருவர் வாழ்ந்தார்.

நிக்கொலா லெபிளான் 1742ஆம் ஆண்டு பிறந்தார். இளவயதிலேயே தந்தையை இழந்து, மருத்துவர் ஒருவரின் ஆதரவில் வளர்ந்து, பாரிஸில் சத்திரசிகிச்சை பயின்று, ஒர்லியோன் கோமகனின் மருத்துவரானார். அக்காலத்தில் கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் சோடா இன்றியமையாதிருந்தது. கடலோரச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்தே அது கிடைத்தது. அதனையும் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்தே தருவிக்க வேண்டியிருந்தது. கடலுப்பிலிருந்து சோடா செய்யும் வழி காண்பவருக்குப் பரிசளிப்பதாகப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அறிவித்தது.

உப்பு என்பது சோடியமும் குளோரைட்டும் இணைந்த சேர்வை. அதன் நிறையில் பத்தில் ஆறு பங்கு குளோரைட்டே. லெபிளான் உப்பின்மீது சல்பூரிக்கமிலத்தை ஊற்றிச் சூடாக்கினார். குளோரைட்டு, ஐதரோக்குளோரிக்கமில வாயுவாக வெளியேறியது. எஞ்சியதை நிலக்கரியுடனும் சுண்ணாம்புக்கல்லுடனும் உலையிலிட்டு, பின் நீரில் கரைத்துச் சோடாவைப் பெற்றார். 1791இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. கோமகனின் பணத்தில் சென் டெனியில் தொழிற்சாலையும் எழுந்தது.

1793இல் புரட்சி அரசு கோமகனைக் கொலைத்தண்டனைக்கு உள்ளாக்கியது. அவரது சொத்துகளுடன் தொழிற்சாலையும் பறிமுதலாயிற்று. நாட்டின் நன்மைக்கெனச் செய்முறை இரகசியமும் பகிரங்கப்படுத்தப்பட்டது. பரிசுப் பணம் ஒருபோதும் வழங்கப்படவில்லை. பிற்காலத்தில் வெறும் கட்டடம் திருப்பிக் கொடுக்கப்பட்டபோது, அதனை இயக்க அவரிடம் முதல் இருக்கவில்லை. வறுமையும் மனச்சோர்வும் மேலிட, 1806 ஜனவரியில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரது செய்முறையைக் கொண்டு பிரான்சிலும் இங்கிலாந்திலும் பிறர் செல்வந்தராயினர்.

அவர் வீணே வெளியேறவிட்ட வாயுவுக்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்துத் தொழிற்சாலைகளைச் சூழ்ந்த பயிர்களை அது கருக்கியமையால், 1863இல் அதனைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பின்னர் அதிலிருந்தே குளோரீன் பெற்று, துணி வெளுக்கும் தூள் செய்தனர். அதே அமிலத்தைத்தான் எமது இரைப்பையும், உண்ணும் உப்பின் குளோரைட்டைக் கொண்டு சுரக்கின்றது. புரத உணவு செரிப்பதற்கும் கிருமிகள் அழிவதற்கும் அதுவே துணை. மருத்துவரான லெபிளான் இதனை அறியாமலே மறைந்தார். அவர் இறந்து 18 ஆண்டுகளின் பின்னரே, 1824இல், ஆங்கில மருத்துவர் வில்லியம் புறவுட் அதனை வெளியிட்டார்.

இரைப்பைக்கு வேண்டியதென்பதற்காக உப்பை அள்ளிப்போடவும் ஆகாது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே வளர்ந்தோருக்குப் போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் பழகிய நாம் இதனை நினைவிற்கொள்வது நலம்.

உப்பைப் பிரிக்கும் தொழில் எமக்கும் அந்நியமானதன்று. ஆனையிறவு உப்பிலிருந்து, மின்சாரத்தைச் செலுத்தும் பிற்கால முறையால், எரிசோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை எம்மில் மூத்தோர் அறிவர். 1980களில் போர் அதனையும் நிறுத்தியது. உழைத்துக் கட்டியது ஒரு நாளில் கைவிட்டுப் போவதென்றால் என்னவென்று லெபிளானுக்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

காலந்தாழ்த்தியே நீதி வந்தது. அவரே உண்மையான கண்டுபிடிப்பாளர் என 1856இல் விஞ்ஞானக் கழகம் ஏற்றுக்கொண்டது. லாச்சப்பலிலிருந்து அதிக தூரமில்லாத ஆர் எ மெத்தியே கல்விக்கூடத்தில் அவருக்குச் சிலையும் எழுந்தது. அவ்வழியே செல்லும்போது பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லுவோம்.