காட்சியைக் குரலாக்கியவர்

திருவேற்காட்டிற்கு அண்மையிலுள்ள ஆவடியில் வானொலிக்கென உயர்ந்த ஒலிபரப்புக் கோபுரங்கள் நிறுவப்பெற்றன. சேப்பாக்கத்தில் மட்டையாளர் பந்தை அடித்தவுடன், ஆரவாரம் சிற்றூர்களிலும் கேட்டது. திடலை ஒருமுறையும் காணாதவர் ஆட்டத்தை மனக்கண்ணால் கண்டு களித்தனர். இவ்வின்பத்திற்கு நம் நாட்டில் வழிவகுத்த முன்னோடி தல்யார்கான் ஆவார்.

அவர் 1897ஆம் ஆண்டில் பிறந்தார், பார்சி இனத்தவர். சென்னையில் 1924ஆம் ஆண்டிலேயே வானொலி மன்றம் ஒன்று தோன்றியது. எனினும், ஆட்டம் நிகழும்பொழுதே அதனை வருணிக்கும் கலை நம் நாட்டில் அரும்பப் பத்தாண்டுகள் ஆயின. 1934ஆம் ஆண்டில் பம்பாயில் பார்சியர் அணியும் இசுலாமியர் அணியும் கிரிக்கெட் ஆடின. அவ்வாட்டத்தைத் தல்யார்கான் ஆங்கிலத்தில் வருணித்தார். அகில இந்திய வானொலி என்னும் பெயர் அப்பொழுது வழங்கவில்லை. அப்பெயர் 1936ஆம் ஆண்டிலேதான் ஏற்பட்டது.

அவருக்கு முன்னே செல்ல வழிகாட்டி எவரும் இலர். உடனிருந்து உரைக்கத் துணைவரும் இலர். உணவிற்கும் தேநீருக்கும் ஆட்டம் நிற்கும் வேளை தவிர, நாள் முழுவதும் அவர் ஒருவரே பேசினார். பந்து வீசுவோரின் நடையையும், காப்பாளர் நிற்கும் இடங்களையும், கூட்டத்தின் எழுச்சியையும் சொற்களால் தீட்டிக் காட்டினார். கேட்போருக்குக் கண்ணாக விளங்குவதே தம் கடமை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1948ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவு அணியினர் இந்தியாவிற்கு வந்தனர். வருணனையை மூவர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என வானொலி நிலையத்தார் முடிவு செய்தனர். தல்யார்கான் அதற்கு இசையாது விலகினார். புகழின் உச்சியில் நின்றவர், தாம் வளர்த்த கலையையே துறந்தார். பின்னாளில் அவர் குரல் வானொலியில் அரிதாகவே ஒலித்தது. எனினும் எழுதுகோலை அவர் கைவிடவில்லை. இதழ்களில் விளையாட்டைப் பற்றி முதுமையிலும் எழுதிவந்தார். 1990ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

அவர் மறுத்த முறையே நாட்டில் நிலைத்தது. பலர் மாறிமாறி வருணித்தனர்; பின்னர்ச் சேப்பாக்கத்து ஆட்டங்கள் இனிய தமிழிலும் வருணிக்கப்பெற்றன. ஒருவர் தொடங்கிய கலை, பலர் கைக்கு வந்தபின்னரே ஊர்தோறும் பரவியது. தனித்து நின்று புதுவழி காணும் துணிவு அரியது. கண்ட வழியைப் பிறரோடு பகிர்தல் அதனினும் அரியது. முன்னதனைத் தல்யார்கானின் வெற்றியும், பின்னதனை அவர்தம் விலகலும் நமக்கு உணர்த்துகின்றன.