சிங்கார வேலனை நாயனத்தில் அழைத்த காருகுறிச்சியார்

 

'சிங்கார வேலனே தேவா' பாட்டை ரிங்டோனா வச்சிருக்கிற தம்பி தங்கைகளே, ஜானகி அம்மா குரலோட போட்டி போட்டு ஒரு நாதஸ்வரம் ஓடுதே, அதை வாசிச்சது யாருன்னு தெரியுமா? நம்ம தென்சீமைக்காரர், காருகுறிச்சி அருணாசலம்.

சேரன்மகாதேவி பக்கத்துல காருகுறிச்சியில் 1921-ல் பிறந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குச் சீடராகி, குரு பக்கத்திலேயே இருந்து ஜோடியா வாசிச்சு வளர்ந்தார். 1956-ல் குரு மறைந்த பிறகு அந்த வாசிப்பைத் தாங்கி நின்றவர்களில் இவர் முக்கியமானவர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். திரையில் வாசிக்கிறது ஜெமினி கணேசன், மூச்சு காருகுறிச்சியாரோடது. அடுத்த ரெண்டே வருஷத்துல, 1964-ல், முருகனடி சேர்ந்துட்டார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கு.

இவரை நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம், பெரியதாழையில் எங்க வீட்டுல இருக்கிற பழைய நாயனம். பூட்டன் வாசிச்சது. காருகுறிச்சியார் கையால கொடுத்ததுன்னு வீட்டுல ஒரு பேச்சு. பழைய சாமான் வாங்குறவர் அதைக் கேட்டுட்டு நல்ல விலை சொன்னார். சித்தப்பாவுக்கும் அப்போ பணமுடை.

திருச்செந்தூர்ல ஒரு பெரியவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். ஆச்சா மரத்து உலவைத் தடவிப் பார்த்தார், நீளம் அளந்தார். இது திமிரி என்றார். திமிரி குட்டை, சுருதி ஏத்தம். பாரி நீளம், சுருதி தாழ்வு. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்த பாரியை மேடைக்குக் கொண்டுவந்தவர் ராஜரத்தினம் பிள்ளை. சீடர் பேர் வாங்கினதும் பாரியில்தான். அப்போ எங்க குழல் அதுக்கும் முந்தின காலத்து வழக்கம். காருகுறிச்சியார் கொடுத்ததுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை.

இதை அப்படியே வாங்க வந்தவர்கிட்ட சொன்னேன். விலையைப் பாதியாக்கினார். சித்தப்பாவுக்கு என்மேல வருத்தம்தான். ஆனா வேலவன் பாட்டை வாசிச்ச மனுஷர் பேரை வச்சுப் பொய் விலை வாங்க எனக்கு மனசு வரலை. குழலை விக்கலை. புதுச் சீவாளி போட்டாச்சு. நாயனம் படிக்கிற பக்கத்து ஊர்த் தம்பி இப்போ அதுல சாதகம் பண்றான்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு குழல் கிடக்கலாம். வித்துடாதீங்க, வாசிக்கிற ஒருத்தர் கையில கொடுத்துப் பாருங்க. அது எந்தக் காலத்துதுன்னு அவரே சொல்லிடுவார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!