தமிழில் வைத்தியம் படிப்பித்த கிறீன்

மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை எம்மில் பலர் அறிவோம். சிலர் பிறந்ததே அங்குதான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி எமது பிள்ளைகளுக்கு நாம் சொல்லியதில்லை. அக்குறையைத் தீர்க்கவே இதனை எழுதுகிறோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் பிறந்தவர். எமது நாவலர் பெருமான் பிறந்ததும் அதே ஆண்டில்தான். மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், வட்டுக்கோட்டையில் சிறிது காலம் பணி செய்து, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே நோயாளரைப் பார்த்ததோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியமும் படிப்பிக்கத் தொடங்கினார். அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறைக்கவில்லை. அதற்காக அவர் செய்த நன்மையை மறப்பதும் எமக்கு அழகல்ல.

முதலில் படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. வாந்திபேதியும் அம்மையும் கிராமங்களை வாட்டிய காலம் அது. ஆனால் ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்களோ அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் தேடி வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். வைத்தியர் தேவைப்பட்ட கிராமம் பழையபடியே இருந்தது. இதைக் கண்ட கிறீன், தாய்மொழியில் படித்தவனே ஊரோடு தங்குவான் என்று முடிவு செய்தார். 1864இல் தமிழில் படிப்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் உடையிலும் உணவிலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதும் அவரது விருப்பம்.

படிப்பிக்கத் தமிழில் நூல்கள் வேண்டுமே! தாமே தமிழ் கற்று, மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களை ஆக்கினார். கலைச்சொற்களையும் தொகுத்தார். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். 1884இல் காலமானார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்பதே அவரது கல்லறை வாசகத்தின் பொருள்.

அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு இது சிறிய தொகையாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு கிராமத்துக்கு ஒரு வைத்தியர் என்றால் எத்தனை கிராமங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதை இன்று எழுத ஒரு காரணம் உண்டு. இந்நாட்டு வைத்தியசாலைகளில் எமது தாய்மார் பேரப்பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே நோயைச் சொல்கிறார்கள். பிள்ளைக்குத் தமிழ் போதாது. பிள்ளை முன் சொல்லக்கூடாத வருத்தத்தைத் தாய் சொல்வதுமில்லை. அந்நியர் ஒருவர் எமது மொழியைக் கற்று எமது நோவைக் கேட்டார். எமது பிள்ளைகளால் அது முடியாதா? ஆலயத் தமிழ் வகுப்பில் உடலுறுப்புகளின் பெயர்களையும், நோயையும் நோவையும் சொல்லும் சொற்களையும் படிப்பிக்க வேண்டும். வைத்தியம், தாதிமை படிக்கும் எமது இளைஞர்கள் மாதம் ஒரு நாள் ஆலய மண்டபத்துக்கு வந்து, முதியோருடன் தமிழில் பேச முன்வர வேண்டும். கிறீனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அதுவே.